வெட்டவெளி என்னும் இடைஞ்சல்

மன்னாரிலிருந்து பூநகரி நோக்கிப் போகும் ஏ32 வீதியில், விடத்தல்தீவைத் தாண்டினால் இலுப்பைக்கடவை. மேற்கே ஆழம் குறைந்த கடல், கண்டல், உவர்நிலம். கிழக்கே வயல், பனை, பற்றைக்காடு. குன்று கிடையாது, மாடிக் கட்டடமும் அரிது. வானொலி அலை ஒன்று தங்குதடையின்றிப் போய்வர இதைவிடத் தோதான இடம் எது என்று கேட்கத் தோன்றும். ஐம்பது வருடங்களுக்கு முந்திய பொறியாளராக இருந்தால் தலையாட்டியிருப்பார். இன்றைக்குக் கைபேசி வலையமைப்பை வடிவமைப்பவர் கொஞ்சம் யோசிப்பார். கொழும்பு புறக்கோட்டையின் சுவர்களும் தகரக் கூரைகளும் லொறிகளும் அவருக்குத் தரும் ஒரு வசதியை இந்த வெட்டவெளி தருவதில்லை.

தடையில்லாத இடத்தில் என்ன குறை? இந்தக் கேள்விக்கு விடை தெரிந்தால், நம் கைபேசிக்குள்ளும் கோபுரத்தின் உச்சியிலும் ஒன்றுக்குப் பல அன்டெனாக்கள் ஏன் இருக்கின்றன என்பதும் தெரிந்துவிடும்.

கடலில் பட்டு வரும் அலை

கரையில் 50 மீட்டர் உயரக் கோபுரம் ஒன்று நிற்பதாக வைத்துக்கொள்வோம். அது 1800 மெகாஹெர்ட்ஸில் அனுப்புகிறது; அந்த அதிர்வெண்ணில் அலையின் நீளம் ஏறத்தாழ 17 சென்ரிமீட்டர். கரையிலிருந்து 2 கிலோமீட்டர் தள்ளி ஒரு வள்ளம். வள்ளத்தில் இருப்பவரின் கைபேசிக்கு அலை இரண்டு வழியில் வந்துசேரும். ஒன்று கோபுரத்திலிருந்து நேராக வருவது. மற்றது கடற்பரப்பில் பட்டுத் தெறித்து வருவது. இவ்வளவு சாய்வாக நீரில் படும் அலை தெறிக்கும்போது தலைகீழாகிவிடும்: முகடு பள்ளமாகும், பள்ளம் முகடாகும்.

நீர்மட்டத்தை ஒட்டிய இடத்தில் இரண்டு வழிகளும் ஏறக்குறைய ஒரே நீளம். நேராக வந்த அலையின் முகடும் தெறித்து வந்த அலையின் பள்ளமும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து இரண்டும் அழிந்துபோகின்றன. மேலே போகப் போக வழிகளின் நீளம் வேறுபடும். ஏறத்தாழ 1.7 மீட்டர் உயரத்தில் அந்த வேறுபாடு அரை அலைநீளத்தை எட்டும். முகடோடு முகடு சேர்ந்து சிக்னல் உச்சத்துக்கு வரும். கடல் முற்றிலும் அமைதியாக இருந்து முழுமையாகத் தெறிக்கவைத்தால், வள்ளத்தின் அடித்தட்டில் 30 சென்ரிமீட்டர் உயரத்தில் கிடக்கும் கைபேசிக்குக் கிடைக்கும் சக்தி, எழுந்து நின்று காதோரம் பிடித்திருக்கும் கைபேசிக்குக் கிடைப்பதில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. இரண்டுக்கும் இடையே இருப்பது ஓர் ஆள் உயரத்துக்கும் குறைவான தூரம்தான். உண்மைக் கடலில் அலையடிப்பதால் இந்தக் கணக்கு கொஞ்சம் கலங்கும். ஆனால் போக்கு மாறாது.

இன்னும் வெளியே, 10 கிலோமீட்டர் தள்ளிப் போனால் சிக்னல் வேறு விதமாகத் தேயும். சாதாரண வெளியில் தூரம் இரட்டித்தால் சக்தி நாலில் ஒன்றாகும். கடலின் தெறிப்பு குறுக்கே நிற்பதால் இங்கே பதினாறில் ஒன்றாகிவிடும். மறுபக்கம், கைபேசியின் உயரத்தை இரட்டித்தால் சக்தி நான்கு மடங்காகும். தொழிலுக்குப் போனவர்கள் கைபேசியைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடிப்பதில் இயற்பியல் இருக்கிறது.

தரைக்குள் வந்தால் வழிகள் இரண்டல்ல, பல. சுவரில் ஒன்று, கூரையில் ஒன்று, மரத்தில் ஒன்று என்று அலை சிதறி வருகிறது. ஓரிடத்தில் அவை கூடும். சில சென்ரிமீட்டர் தள்ளினால் ஒன்றையொன்று அழிக்கும். பேசிக்கொண்டு நடக்கையில் குரல் விட்டுவிட்டுக் கேட்பதற்கு இதுவும் ஒரு காரணம். இந்த மங்கலைத்தான் வானொலிப் பொறியாளர்கள் அரை நூற்றாண்டுக்கு மேல் எதிரியாகப் பார்த்தார்கள்.

ஒன்று மங்கினால் இன்னொன்று

எதிரியைச் சமாளிக்கும் முதல் தந்திரம் 1920களிலேயே வந்துவிட்டது. அத்திலாந்திக்கைக் கடந்து வந்த சிற்றலை வானொலி மங்கி மங்கி ஒலித்த காலம் அது. அமெரிக்காவின் ஆர்சிஏ நிறுவனத்தில் ஹரோல்ட் பெவரேஜும் ஹரோல்ட் பீட்டர்சனும் ஒன்றுக்கொன்று தள்ளித் தள்ளி அன்டெனாக்களை நட்டு, எல்லாவற்றிலும் வருவதைச் சேர்த்துக் கேட்டார்கள். ஓரிடத்தில் அலைகள் அழிந்த நொடியில் மற்றோர் இடத்தில் அவை கூடியிருக்கும் என்பதே அவர்கள் வைத்த நம்பிக்கை. அது வீண்போகவில்லை.

கணக்கு எளிமையானது. ஓர் அன்டெனா பத்துத் தடவைக்கு ஒரு தடவை மோசமாக மங்குகிறது என்போம். ஒன்றோடொன்று தொடர்பில்லாமல் மங்கும் இரண்டு அன்டெனாக்கள் இருந்தால் இரண்டும் ஒருங்கே மங்குவது நூற்றில் ஒரு தடவை; நான்கு இருந்தால் பத்தாயிரத்தில் ஒரு தடவை.

ஆனால் கைபேசி சிறியது. அதில் எத்தனை அன்டெனாவைத் திணிப்பது? கோபுரத்தில் இரண்டு வைத்து ஒரே தகவலை இரண்டிலும் அனுப்பினால், இரண்டு அலைகளும் வழியிலேயே ஒன்றையொன்று அழிக்கலாம். இதற்கு 1998இல் சியாவாஷ் அலமூட்டி சொன்ன வழி, ஒரு பள்ளிக்கூட மாணவர்கூடச் சரிபார்க்கக்கூடியது. அனுப்பவேண்டிய எண்கள் அ, ஆ என்று வையுங்கள். முதல் நொடித்துளியில் முதல் அன்டெனா அ அனுப்பும், இரண்டாவது ஆ அனுப்பும். அடுத்த நொடித்துளியில் முதல் அன்டெனா ஆ என்பதன் எதிர்மறையை அனுப்பும், இரண்டாவது அ அனுப்பும். கைபேசியில் ஓர் அன்டெனா மட்டும் இருந்தாலும் இரண்டு துளிகளையும் கூட்டிக் கழித்து அ, ஆ இரண்டையும் பிரித்தெடுக்கலாம். ஒவ்வோர் எண்ணும் இரண்டு வழிகளிலும் வந்திருப்பதால் ஒரு வழி மங்கினாலும் அது பிழைத்துக்கொள்ளும்.

இதுவரை சொன்னதெல்லாம் தற்காப்பு. ஒரே தகவலைப் பத்திரமாகக் கொண்டுசேர்க்கும் வேலை. பல அன்டெனாவைக் கொண்டு தகவலின் அளவையே பெருக்கலாம் என்ற எண்ணம் வேறொரு கடலிலிருந்து வந்தது.

நீருக்கடியில் கேட்கப் பழகியவர்

1971 டிசம்பர் 9ஆம் திகதி, இந்தியக் கடற்படையின் குக்ரி என்ற போர்க்கப்பலை அரபிக்கடலில் பாகிஸ்தானின் ஹங்கோர் நீர்மூழ்கி மூழ்கடித்தது. 194 பேர் மாண்டார்கள். பதுங்கியிருந்த நீர்மூழ்கியைக் கப்பலின் சோனார் என்ற நீரொலிக் கருவி உரிய நேரத்தில் காட்டித்தரவில்லை என்பது கடற்படையை உலுக்கியது. சோனாரை மேம்படுத்தும் வேலை இறங்கிய தோள்களில் ஒன்று, பொள்ளாச்சியில் 1944இல் பிறந்து, 15 வயதில் தேசியப் பாதுகாப்புக் கழகத்தில் சேர்ந்த ஆரோக்கியசாமி பால்ராஜுடையது. கடற்படை அதிகாரியாக இருந்துகொண்டே டெல்லி ஐஐடியில் 1973இல் முனைவர் பட்டம் பெற்றவர். அவர் தலைமையில் உருவான அப்சோ என்ற சோனார் 1983இல் கப்பலேறியது.

சோனாரின் உயிர் அதன் அன்டெனா வரிசையில், சரியாகச் சொன்னால் நீரொலி வாங்கிகளின் வரிசையில், இருக்கிறது. தென்மேற்கிலிருந்து வரும் ஒலி வரிசையின் ஒரு முனையைக் கொஞ்சம் முந்தித் தொடும்; மறுமுனையைப் பிந்தித் தொடும். அந்தத் தாமதத்தைச் சரிக்கட்டிக் கூட்டினால் அந்தத் திசை மட்டும் ஓங்கிக் கேட்கும். மற்றத் திசைகள் அமுங்கும். வாங்கிகளை அசைக்கத் தேவையில்லை. தாமதங்களை மாற்றினால் காது திரும்பிவிடும். கூடவே, தன் கப்பலின் எஞ்சின் சத்தம் வரும் திசையை மட்டும் அடைத்துவிடவும் முடியும்.

1991இல் கொமடோர் பதவியோடு கடற்படையை விட்டு ஓய்வுபெற்ற பால்ராஜ், அமெரிக்காவின் ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகத்துக்குப் போனார். அங்கே தோமஸ் கைலாத் என்ற பெரும் சமிக்ஞை அறிஞரோடு அவருக்கு முன்பே பழக்கம் இருந்தது. புனேயில் பிறந்த மலையாளி அவர். ஒரே அதிர்வெண்ணில் ஒரே நேரத்தில் வரும் இரண்டு சமிக்ஞைகளை அன்டெனா வரிசையால் பிரிக்கும் ஆய்வில் பால்ராஜ் ஒரு கேள்வியை எழுப்பினார். தற்செயலாகக் கலந்து வருவதைப் பிரிக்க முடியும் என்றால், ஒரே தகவலை இரண்டாகப் பிளந்து, வேண்டுமென்றே ஒன்றாக அனுப்பி, மறுமுனையில் பிரித்தால் வேகம் இரட்டிக்காதா? பால்ராஜும் கைலாத்தும் 1992இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார்கள். 1994இல் அது கிடைத்தது. பல உள்ளீடு, பல வெளியீடு என்ற பொருளில் இன்று மிமோ என்று வழங்கும் நுட்பத்தின் தொடக்கப் பத்திரங்களில் அது ஒன்று.

அந்தக் கேள்வி ஏன் பெரியது என்பதை 1948இல் கிளோட் ஷனன் கண்டுபிடித்த எல்லையை வைத்துப் பார்க்கலாம். சமிக்ஞை இரைச்சலைப்போல் நூறு மடங்கு வலுவாக இருந்தால், ஒரு ஹெர்ட்ஸ் அலைவரிசையில் நொடிக்கு ஏறத்தாழ 6.7 பிட் அனுப்பலாம். சக்தியை இரட்டித்தால்? 7.7தான். வேகத்தை இரட்டிக்க வேண்டுமானால் சக்தியை நூறு மடங்கு ஏற்றவேண்டும். எந்தக் கோபுரமும் அதைத் தாங்காது. ஆனால் இரு முனைகளிலும் இரண்டிரண்டு அன்டெனா இருந்து சூழலும் ஒத்துழைத்தால், மொத்தச் சக்தியைக் கூட்டாமலேயே வேகம் ஏறக்குறைய இரட்டிக்கும்.

பெல் ஆய்வுக்கூடத்தில் எம்ரே டெலட்டார் 1995இலும் ஜெரார்ட் ஃபொஷினி 1996இலும் இதன் கணிதத்தை நிறுவினார்கள். 1998இல் அதே ஆய்வுக்கூடம் 8 அன்டெனா அனுப்ப, 12 அன்டெனா வாங்க, ஒரு ஹெர்ட்ஸுக்கு நொடிக்கு 20 முதல் 40 பிட் வரை அறைக்குள் அனுப்பிக் காட்டியது. அதே வருடம் பால்ராஜ் ஐயோஸ்பான் என்ற நிறுவனத்தைத் தொடங்கி, மிமோவை வெளியில் இயங்கும் கருவியாக்கினார். 2003இல் இன்டெல் அதை வாங்கியது. 2009இல் வை-ஃபையின் 802.11என் தரத்தில் மிமோ இடம்பிடித்தது. 4ஜி கைபேசி என்றால் குறைந்தது இரண்டு வாங்கும் அன்டெனா என்பது வழமையாயிற்று. 2014இல் பால்ராஜுக்கு மார்க்கோனிப் பரிசு கிடைத்தது.

இரண்டு கடைச் சிட்டைகள்

சூழல் ஒத்துழைக்க வேண்டும் என்றேன். அந்த நிபந்தனையில்தான் இலுப்பைக்கடவையின் கதை இருக்கிறது.

தேநீர்க் கடையின் இரண்டு சிட்டைகள் கிடைக்கின்றன; தனித்தனி விலை எழுதப்படவில்லை. முதலாவதில் 2 சோடா, 1 பணிஸ், மொத்தம் 500 ரூபா. இரண்டாவதில் 1 சோடா, 2 பணிஸ், மொத்தம் 400 ரூபா. சோடா 200, பணிஸ் 100 என்று உடனே சொல்லிவிடலாம். இரண்டாவது சிட்டையை 404 என்று தவறாக வாசித்துவிட்டாலும் மோசமில்லை. சோடா 199 என்றும் பணிஸ் 103 என்றும் வரும்.

இப்போது வேறு இரண்டு சிட்டைகள். ஒன்றில் 20 சோடா, 10 பணிஸ், 5000 ரூபா. மற்றதில் 21 சோடா, 10 பணிஸ், 5200 ரூபா. இதிலும் விடை அதேதான். ஆனால் எழுத்து மங்கி 5200ஐ 5250 என்று வாசித்தால், சோடா 250 ரூபா, பணிஸ் இனாம் என்று விடை வரும். நூற்றுக்கு ஒன்றளவு பிழை, கடைக்காரரையே திவாலாக்கிவிட்டது. இரண்டாவது சிட்டை 40 சோடா, 20 பணிஸ் என்று இருந்தாலோ, அது முதல் சிட்டையின் இரட்டிப்பு மட்டுமே. எவ்வளவு கவனமாக வாசித்தாலும் பிரிக்க வழியில்லை.

கைபேசியின் ஒவ்வோர் அன்டெனாவும் ஒரு சிட்டை. சோடாவும் பணிஸும் கோபுரத்தின் இரண்டு அன்டெனாக்கள் அனுப்பிய எண்கள். எதில் எத்தனை என்பது அலைகள் வந்த வழியைப் பொறுத்தது; கோபுரம் அடிக்கடி முன்கூட்டியே தெரிந்த எண்களை அனுப்பி, கைபேசி இதைத் தெரிந்துகொள்ள உதவுகிறது. சிட்டை மங்குவது இரைச்சலால்.

புறக்கோட்டையில் இரண்டு அன்டெனாக்களின் அலைகளும் நூறு சுவரில் பட்டு, நூறு திசையிலிருந்து வருகின்றன. கைபேசியின் மேல்முனையில் ஒரு கலவை, கீழ்முனையில் வேறொரு கலவை. சிட்டைகள் நன்றாக வேறுபடுகின்றன, பிரிப்பது சுலபம். முன்பு எதிரியாக இருந்த சிதறல் இப்போது பொறியாளரின் சம்பளக்காரன்.

இலுப்பைக்கடவைக் கரையில் கோபுரம் 5 கிலோமீட்டர் தள்ளித் தெரிகிறது என்றால், அதன் உச்சியில் ஒரு மீட்டர் இடைவெளியில் இருக்கும் இரண்டு அன்டெனாக்களும் கைபேசிக்கு ஒரே புள்ளிதான். இரண்டிலிருந்தும் அலை ஒரே திசையில், ஒரே வழியில் வருகிறது. கைபேசியின் இரண்டு அன்டெனாக்களும் எழுதுவது 20க்கு 10, 21க்கு 10 என்ற ரகச் சிட்டை. சிக்னல் கோடுகள் முழுசாக நிற்கும், சக்திக்குக் குறைவில்லை. ஆனால் இரண்டாவது தகவல் ஓடை திறக்காது. வெட்டவெளியின் குறை இதுதான்: அலைக்கு வழி விடுகிறது, ஆனால் ஒரேயொரு வழி.

வேற்றுமையை உண்டாக்குவது

இயற்கை வேற்றுமை தராத இடத்தில் பொறியாளர் அதை உண்டாக்க வேண்டும். அதற்கு மூன்று வழிகள் உண்டு.

முதலாவது, அலையின் சாய்வு. வானொலி அலையின் மின்புலம் ஒரு குறிப்பிட்ட தளத்தில் அதிரும். ஓர் அன்டெனாவை வலப்பக்கம் 45 பாகை சாய்த்தும் மற்றதை இடப்பக்கம் 45 பாகை சாய்த்தும் வைத்தால், ஒன்று அனுப்புவதை மற்றது ஏறக்குறைய உணரவே உணராது. சுவரும் கூரையும் இல்லாத வெளியில்கூட, ஏன், வெட்டவெளியில்தான் இந்தப் பிரிவு கலையாமல் வந்துசேரும். கோபுரங்களில் தொங்கும் நீளப் பெட்டிகளுள் பெரும்பாலானவற்றின் உள்ளே இப்படிப் பெருக்கல் குறிபோலச் சாய்ந்த சோடிகள்தான் இருக்கின்றன. திறந்த கரையிலும் 4ஜி இரண்டு ஓடைகளில் ஓட முடிவதற்கு இந்தச் சாய்வுதான் காரணம். ஆனால் சாய்வுகள் இரண்டுதான். இதைக்கொண்டு நான்கு ஓடை எடுக்க முடியாது.

இரண்டாவது, திசை. சோனாரில் ஒலியைத் திரட்டிய அதே தாமதக் கணக்கை அனுப்பும்போது போட்டால், சக்தி ஒரு கற்றையாகக் குவியும். 64 அன்டெனா கொண்ட வரிசை, ஒரே சக்தியைத் தனி அன்டெனாவைப்போல் 64 மடங்குவரை ஒரு திசையில் செறிவாக்கும். 2010இல் பெல் ஆய்வுக்கூடத்தின் தோமஸ் மார்செட்டா, கோபுரத்தில் அன்டெனாக்களை மிக அதிகமாக்கினால் ஒரே நேரத்தில் ஒரே அதிர்வெண்ணில் பலருக்குத் தனித்தனிக் கற்றை அனுப்பலாம் என்று காட்டினார். 5ஜியின் பெரிய அன்டெனாப் பலகைகள் அதன் வழி வந்தவை. ஒருவருடைய கைபேசிக்கு இரண்டு ஓடைக்கு மேல் கொடுக்க முடியாத வெளியில், வீதியில் போகும் பஸ்ஸுக்கு ஒன்று, வாடிக்கு ஒன்று, வள்ளத்துக்கு ஒன்று என்று ஓடைகளைப் பங்கிடலாம். அவர்கள் வெவ்வேறு திசையில் இருந்தால் போதும். வெட்டவெளியில் திசைகள் துல்லியமாகப் பிரியும். வீதியை ஒட்டி நீளவாக்கில் குடியிருப்பு உள்ள ஊருக்கு இது நல்ல பொருத்தம். கற்றையை அமைக்கத் தெரிந்தவருக்குப் பள்ளத்தை அமைக்கவும் தெரியும்: சூடான நாட்களில் கடல்மேல் படியும் ஈரக்காற்றடுக்கு, தூரத்து அலையைச் சிறைப்பிடித்து அக்கரைக் கோபுரத்தின் சிக்னலை இக்கரைக்குக் கொண்டுவரும்போது, அந்தத் திசையை மட்டும் அடைத்துவிடலாம்.

மூன்றாவது, தூரம். 5 கிலோமீட்டர் தள்ளியுள்ள கைபேசியின் இரண்டு அன்டெனாக்களும் 14 சென்ரிமீட்டர் இடைவெளியில் இருக்கின்றன என்போம். தெறிப்பே இல்லாத வெளியில் இரண்டு சிட்டைகளும் முழுமையாக வேறுபட, அனுப்பும் அன்டெனாக்கள் எவ்வளவு தள்ளி இருக்க வேண்டும்? 1800 மெகாஹெர்ட்ஸில் ஏறத்தாழ 3 கிலோமீட்டர். ஒரே கோபுரத்தில் நடக்கிற காரியம் அல்ல. இரண்டு கோபுரங்கள் கைகோக்க வேண்டும். இரண்டும் நொடியின் மிகச் சிறிய பின்னத்துக்குள் ஒத்திசைந்து, ஒரே கைபேசிக்கு அனுப்ப வேண்டும். ஆய்வாளர்கள் இன்று தீவிரமாகப் படிக்கும் எல்லைக்கூறற்ற வலையமைப்பு என்பது இதுதான்: ஒரே கோபுரத்தில் 64 அன்டெனாவைக் குவிப்பதற்குப் பதில், ஊர் முழுக்கப் பரப்பி, எல்லாவற்றையும் ஒரே அன்டெனா வரிசையாக இயக்குவது. 1994இன் காப்புரிமைப் பத்திரத்தின் தலைப்பிலேயே, தள்ளித் தள்ளியுள்ள இடங்களிலிருந்து அனுப்பி, திசையறிந்து வாங்குவது என்ற கருத்துத்தான் இருக்கிறது. பின்னால் வந்தவர்கள் ஒரு பெட்டிக்குள் அடக்கிய எண்ணம், பிறக்கும்போது பரந்து கிடந்த எண்ணம்.

ஆகவே, கருவியில் எத்தனை அன்டெனா என்று விளம்பரம் சொல்லும் எண் தனியாக எதையும் தீர்மானிப்பதில்லை. நான்கு அன்டெனா நெரிசலான தெருவில் நான்கு ஓடையாகலாம், திறந்த கரையில் இரண்டோடு நின்றுவிடலாம். எஞ்சிய இரண்டும் அங்கே வீண் என்பதல்ல. மங்கலிலிருந்து காக்கும், சக்தியைத் திரட்டும். வேகத்தைத்தான் பெருக்காது.

இதைச் சோதித்துப் பார்க்கப் பெரிய ஆய்வுக்கூடம் வேண்டாம். தூரத்துக் கோபுரத்தை நம்பி 4ஜி ரவுட்டர் வைத்திருக்கும் வீடுகளில், கூரைக்கு மேல் இரண்டு வெளி அன்டெனாக்களைப் பூட்டுவதுண்டு. இரண்டையும் அழகுக்காக நெட்டுக்குத்தாக நிறுத்தினால் இரண்டும் ஒரே சிட்டையை எழுதும். ஒன்றை வலப்பக்கம் 45 பாகை, மற்றதை இடப்பக்கம் 45 பாகை சாய்த்து, இரண்டும் ஒன்றுக்கொன்று செங்குத்தாக நிற்க, கோபுரத்தைப் பார்த்துப் பூட்ட வேண்டும். செலவில்லாத மாற்றம். சிக்னல் கோடுகள் கூடாமல் இருந்தாலும், இரண்டாவது ஓடை திறந்துகொண்டால் தரவிறக்கும் வேகத்தில் அது தெரியும்.